இரண்டாம் மாடிக்கு வந்த சரக்கு

மழை வந்தால் குடை பிடிப்பார்கள், வெயில் வந்தால் நிழலில் ஒதுங்குவார்கள், ஆபீசுக்கு வீடே கிளம்பி வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டால், தூத்துக்குடிக்காரர்கள் அதற்கு கேட் பாஸ் போடுவார்கள் என்பதுதான் பதில், ஏனென்றால் அப்படித்தான் நடந்தது, பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், கீழே டயர் கடையும் மேலே டிராவல்ஸும் இருக்கிற கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சந்தனராஜ் கிளியரிங் ஏஜென்சி இருந்தது. கப்பலில் வந்து இறங்குகிற சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் கொடுத்து, வரி கட்டி, விடுவித்து, யார் பேருக்கு வந்ததோ அவர் கையில் சேர்ப்பது அவர்கள் தொழில். முந்திரிக்கொட்டை வரும், மரத்தடி வரும், பழைய காகிதம் மலை மலையாக வரும், எது வந்தாலும் அந்த ஆபீசில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், யார் பேருக்கு என்று மட்டும் கேட்பார்கள். அந்த ஆபீசின் கம்ப்யூட்டர்களுக்கும் அவற்றுக்குள் ஓடுகிற இணையத்துக்கும் ஞானதிரவியம் பொறுப்பு. ரிட்டையர் ஆகப்போகிற வயசு, இஸ்திரி கலையாத சட்டை, அதிகம் பேசாத வாய். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

முதலாளி சந்தனராஜ் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனஸ் கொடுப்பார், சாவு வீடு என்றால் தானே வந்து நிற்பார். ஆனால் சென்னையில் இருக்கிற அவர் மருமகன் ஒரு தடவை வந்தபோது, மாமா, உங்க ஆளுங்க ஆபீஸ் நெட்டுல சொந்த வேலைதான் பாக்கிறாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனவர் சும்மா போயிருக்கலாம். அன்றிலிருந்து முதலாளிக்கு யார் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குனிந்திருந்தாலும் சந்தேகம் வந்தது. ஞானதிரவியத்தைக் கூப்பிட்டு, யார் யார் என்னென்ன பார்க்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

ஞானதிரவியம் பார்த்தார். கணக்குப் பிரிவு சுடலைமணிக்கு வீட்டில் ஒரு பக்கம் வாதம் விழுந்து படுத்த அப்பா, பெண்டாட்டி டீச்சர், பகலில் ஆளில்லை, ஆகவே கட்டிலுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டி வைத்துவிட்டு, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பில் டைப் செய்கிற பானுமதிக்கு முப்பது தாண்டியும் வரன் அமையவில்லை, வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுகிறாள் என்பதால் மாப்பிள்ளைகளை ஆபீசில் வைத்துத்தான் பார்த்தாள். செலினின் புருஷன் கப்பலில் இன்ஜின் ஆளாகப் போயிருந்தான், கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டுகிற இணையப் பக்கத்தில் அவனுடைய கப்பல் சின்னப் பச்சைப் புள்ளியாக நடுக்கடலில் ஊர்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொருவர் வேறு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டிருந்தார், அவர் பேரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறார். இதில் ஒருவராவது ஊர் சுற்றப் போனவர் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள். வயிற்றுப்பாட்டுக்காக உடம்பை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மனசை மட்டும் இரண்டு நிமிஷம் வீட்டுக்கு அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

ஞானதிரவியம் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே மகள், கிறிஸ்டில்டா, கூப்பிடுவது கில்டா. சாதியிலும் சேராத, சபையிலும் சேராத, பைக் ரிப்பேர் பார்க்கிற இசக்கிமுத்து என்கிற பையனைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். போன அன்று, இந்த வீட்டில் இனிமேல் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னார். வீட்டில் இருந்ததே அவரும் மனைவி ராஜக்கனியும்தான், ஆகவே ராஜக்கனிதான் எடுக்காமல் இருந்தாள். கில்டாவுக்குப் பிள்ளை பிறந்து, அது நடந்து, பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் பேர் எடுக்கப்படவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், கேக் பார்க்கிறேன் என்று செலின் எதையோ திறந்து வைத்திருந்தபோது பின்னால் நடந்து போனவர், மாவு பிசைகிற இரண்டு கைகளைத் திரையில் பார்த்தார். முகம் இல்லை, கைகள் மட்டும். இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது, அவருடைய விரலைப் போலவே. அவள் வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்கிறாள் என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சத்தத்தை முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, அந்தக் கைகள் முட்டை உடைப்பதையும் மாவு சலிப்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பார்க்க முடியாது, சட்டம் போட்டவரே எப்படி மீறுவது? பாளையங்கோட்டை ஒரு மணி நேர பஸ். அந்த பஸ்ஸில் ஏற முடியாத மனுஷனுக்கு ஆபீஸ் இணையம்தான் வழியாக இருந்தது.

முதலாளியிடம் அவர் பேர் பேராகச் சொல்லவில்லை. பொதுவாக, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கிறார்கள் என்று சொன்னார்.

"பூட்டிரும் வே," என்றார் முதலாளி. "சுங்கம், துறைமுகம், கப்பல், பேங்க். இது போதும். மத்தது எல்லாத்தையும் பூட்டிரும்."

ஞானதிரவியம் பூட்டினார். தன்னுடைய கம்ப்யூட்டரை மட்டும் பூட்டவில்லை, மேற்பார்வை பார்க்க ஒன்று திறந்திருக்க வேண்டும் அல்லவா என்று காரணமும் சொல்லிக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், ஆனால் அவர் மேய்ந்தது ஒரு வாய்ப் புல்.

மறுநாள் காலையில் சுடலைமணி வந்து பார்த்தபோது, அவர் மேசைக்குப் பக்கத்தில், ஃபைல் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, இரும்புக் கட்டிலில் அவருடைய அப்பா படுத்திருந்தார். தலையணை, போர்வை, மூத்திர பாட்டில், மருந்து டப்பா எல்லாமே அப்படியே வந்திருந்தன. வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து, பெரியவரைக் கட்டிலோட காணோம் என்றாள். இங்கதான் இருக்காவ என்றார் சுடலைமணி. அவள், அப்ப சரி என்று வைத்துவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்து, சரிந்த வாயால், ஃபேனைக் குறைக்கச் சொன்னார். சுடலைமணி குறைத்துவிட்டு உட்கார்ந்து அன்றைய கணக்கை டைப் செய்தார், பத்து விரலும் சரியாக ஓடின.

கேட்டில் நிற்கிற கோயில்பிள்ளைக்குத்தான் முதலில் சங்கடம். துறைமுகத்தில் பல வருஷம் காவல் பார்த்தவர், உள்ளே வந்த ஒன்று பாஸ் இல்லாமல் இருப்பதை அவர் மனசு ஒப்பாது. மேலே ஏறி வந்து கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யார் பேருக்கு வந்தது?" என்று கேட்டார்.

"எம் பேருக்குத்தான். எங்கப்பா," என்றார் சுடலைமணி.

"சரி," என்று பாஸ் எழுதிக் கட்டில் காலில் கட்டிவிட்டுக் கீழே போனார்.

அதோடு அது வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் திறந்தால் வருவார்கள், ஆபீஸ் சாத்தினால் அவரவர் வீட்டில் இருப்பார்கள். பானுமதிக்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள், சிலர் தனியாக, சிலர் அம்மாவோடு, ஒருவர் சாதகக் கட்டோடு, வரவேற்பறை சோபாவில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். படத்தில் பார்த்ததைவிட நேரில் சீக்கிரம் முடிவுக்கு வர முடிகிறது என்று பானுமதி சொன்னாள், ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டே பில்லும் அடித்தாள். ஒரு காலையில் டை கட்டிய மூன்று பேர் மேசை நாற்காலியோடு வந்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டார்கள். வேறு வேலை தேடியவர் யார் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும், ஆனால் முதலாளி எதிரிலேயே நின்றதால், எனக்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. கோயில்பிள்ளை பார்த்தார். துறைமுகத்து வழக்கப்படி, சரக்கு யாருடையது என்று நம் கண்ணுக்குத் தெரிந்தாலும், உரியவன் தன் வாயால் கேட்காதவரை அது உரியவன் இல்லாத சரக்கு, பொழுது சாய்வதற்குள் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான். லோடுமேன்கள் வந்து மூன்று பேரையும் நாற்காலியோடு தூக்கிப் பின்கட்டு ஷெட்டில் வைத்தார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஷெட்டிலும் அதே கேள்வியை முந்திரி மூட்டைகளிடம் கேட்டுக்கொண்டிருந்ததாக லோடுமேன் ஒருவர் சொன்னார்.

ஊர் இதையெல்லாம் தன் பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் இரண்டாம் மாடிக்கு மட்டும் பெரிய தூக்கில் கொடுத்தனுப்பினார். சுடலைமணியின் அப்பாவுக்கு ஊசி போடுகிற நர்ஸ் வீட்டு விலாசத்தை அழித்து ஆபீஸ் விலாசத்தை எழுதிக்கொண்டாள். கீழே டயர் கடையில் வேலை செய்கிறவர்கள், எங்க முதலாளிகிட்டச் சொல்லி எங்க நெட்டையும் பூட்டச் சொல்லுங்க, பிள்ளையப் பாத்து நாளாச்சு என்று ஞானதிரவியத்திடம் மனுப் போட்டார்கள். சுங்கத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி கட்டிலையும் மாப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் எந்த வகையில் வரும் என்று கேட்டார். சொந்த உபயோகம் என்றார் கோயில்பிள்ளை. அப்படியானால் வரி கிடையாது என்று அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார்.

செலினுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அவள் பார்த்தது கப்பல் பக்கம், அது தொழிலுக்கு வேண்டியது என்பதால் பூட்டப்படவில்லை, பூட்டாதது வராது. எல்லோர் வீட்டு ஆளும் வந்து டீ குடிக்கிறபோது அவள் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் ஞானதிரவியத்தின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, என் கம்ப்யூட்டர்ல மட்டும் அந்தக் கப்பல் பக்கத்தப் பூட்டிருங்க."

"வேலை எப்படி நடக்கும்மா?"

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் பூட்டுங்க. அதுக்குள்ள வந்துட்டுப் போயிரட்டும். முகத்தப் பாத்து வருஷமாகப் போகுது."

ஞானதிரவியம் பூட்டினார். பூட்டிய மாத்திரத்தில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையும் கையில் ஸ்பானருமாக ஒரு ஆள் நின்றான், காலடித் தரை இரும்பாக இருந்தது, லேசாக ஆடவும் செய்தது. யார் பேருக்கு என்று கோயில்பிள்ளை வாசலில் இருந்தே கேட்டார். என் பேருக்கு என்று செலின் சொன்ன சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டது. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறும் பொரித்த சீலா மீனும் கொடுத்தாள், அவன் நின்றுகொண்டே தின்றான், அவன் மெலிந்திருக்கிறான் என்று அவள் சொன்னாள், நீயும்தான் என்று அவன் சொன்னான். மணி அடித்ததும் ஞானதிரவியம் திறந்துவிட்டார். இரும்புத் தரை இருந்த இடத்தில் மறுபடி சிமெண்டுத் தரை இருந்தது.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்த செலின் முகத்தைத் துடைத்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் வரலியே அண்ணாச்சி. நீங்க யாரையும் பாக்க மாட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"எனக்கு யாரும்மா இருக்கா," என்றார் ஞானதிரவியம். சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே முதலாளி அவரைக் கூப்பிட்டார். முதலாளியின் மேசைக்கு முன்னாலேயே ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், இடமில்லை.

"திறந்து விட்டுரும் வே," என்றார் முதலாளி. "நான்தான் யோசிக்காமச் செஞ்சிட்டேன். நெட்டுல போனாங்கன்னா ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துட்டு இருந்தாங்க. இதுங்க வந்தா சாயங்காலம் வரைக்கும் போகமாட்டேங்குது. ஒரு ஃபைல எடுக்கணும்னா நாலு பேர எந்திரிக்கச் சொல்ல வேண்டியிருக்கு. சனிக்கிழமை காலையில திறந்து விட்டுரும்."

அது வியாழக்கிழமை. ஞானதிரவியம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. சனிக்கிழமை திறந்துவிட்டால், பழையபடி கைகளைப் பார்க்கலாம், ஆயுசுக்கும் பார்க்கலாம், ஆனால் கைகளைத்தான் பார்க்கலாம். அவருக்கு முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, யாருக்கோ செய்கிற மாதிரி, தன்னுடைய கம்ப்யூட்டரையும் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மாடிப்படி ஏறும்போதே வெண்ணெய் வாசம் வந்தது. அவர் மேசைக்குப் பக்கத்தில் கருப்புக் கல் பதித்த சமையல் மேடை ஒன்று இருந்தது, அதன் மேல் ஓவன், மாவு டப்பாக்கள், முட்டை அட்டை. மேடைக்குப் பின்னால் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கில்டா நின்று மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். சதை போட்டிருந்தாள். நெற்றியோரத்தில் இரண்டு நரை முடி இருந்தது, அந்த வயசில் அவருக்கும் வந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், சின்னப் பிள்ளையில் சனிக்கிழமைகளில் வந்து விளையாடிய ஆபீஸைச் சுற்றிப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த பெரியவரையும் சோபாவில் இருந்த மாப்பிள்ளைகளையும் பார்த்தாள், பிறகு மறுபடியும் மாவைக் கலக்க ஆரம்பித்தாள். எந்தச் சரக்கு எதனால் வருகிறது என்று அந்நேரம் தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு ஜில்லாவுக்கும் தெரிந்திருந்தது.

கோயில்பிள்ளை பாஸ் புத்தகத்தோடு வந்தார். அவளைத் தோளில் தூக்கி வைத்துக் கப்பல் காட்டியவர் அவர்.

"யார் பேருக்கும்மா வந்திருக்கே?"

"யாருக்கு வந்தேனோ அவங்க சொல்லட்டும்," என்றாள் கில்டா.

கோயில்பிள்ளை திரும்பி, ஆபீஸ் முழுக்கக் கேட்க, "அண்ணாச்சி, உங்களுக்கு வந்ததா?" என்றார்.

சுடலைமணி பார்த்தார், பானுமதி பார்த்தாள், செலின் பார்த்தாள், முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பார்த்தார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள், பேர் எடுக்கக் கூடாது என்று சொன்ன மனுஷன் தினமும் ஒளிந்து பார்த்தான் என்பதும், எல்லோருக்கும் பூட்டிவிட்டுத் தனக்கு மட்டும் திறந்து வைத்திருந்தான் என்பதும் இருந்தன. மானம் பொல்லாதது, அது பிள்ளையையும் விழுங்கும்.

"எனக்கு ஒண்ணும் வரலியே," என்றார் ஞானதிரவியம்.

மாவு கலக்குகிற கரண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. கோயில்பிள்ளை எழுதாமல் புத்தகத்தை மூடிக்கொண்டு கீழே போனார்.

அன்றைக்கு அந்த ஆபீசில் வேலை என்று ஒன்றும் நடக்கவில்லை. கில்டா மட்டும் வேலை செய்தாள். முட்டை உடைத்தாள், மாவு சலித்தாள், தட்டை உள்ளே வைத்து எடுத்தாள், அவர் சத்தமில்லாமல் பார்த்த எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் செய்தாள். செலின் போய்த் தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள். ஞானதிரவியம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரையில் ஒன்றுமில்லை. அவருக்கு அழுகை வந்தது, அதை ஒரு தும்மலாக மாற்றினார்.

மத்தியானம் தாண்டியதும் கோயில்பிள்ளை லோடுமேன்களோடு ஏறி வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது, ஆனால் வழக்கம் வழக்கம்தான், டை கட்டியவர்களுக்கு ஒன்று, தெரிந்த பிள்ளைக்கு ஒன்று என்று செய்ய முடியாது.

"உரியவங்க யாரும் கேக்கல," என்றார் பொதுவாக. "ஷெட்டுக்குக் கொண்டு போயிருங்கப்பா."

லோடுமேன்கள் தலைத்துண்டை உதறிக் கையில் சுற்றிக்கொண்டு மேடையின் நாலு மூலையிலும் கை கொடுத்தார்கள்.

"பாத்துத் தூக்குங்க," என்றாள் கில்டா. "ஓவன் சூடா இருக்கு, கையச் சுட்டுரும்."

மேடை தரையை விட்டு எழும்பியது. ஒரு முட்டை உருண்டு விளிம்புக்கு வந்தது, அவள் கை அதைப் பிடித்தது. ஞானதிரவியம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கீழ வையுங்க," என்றார். "அது எனக்கு வந்தது."

"எதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் கோயில்பிள்ளை, குரல் உடைய. "பேர் வேணும், எழுதணும்."

"எம் மக. கில்டா. எனக்குத்தான் வந்திருக்கா. நான்தான் தெனமும் பாத்தேன். உங்க எல்லாருக்கும் பூட்டிட்டு எனக்கு மட்டும் பூட்டாம வச்சுப் பாத்தேன்."

லோடுமேன்கள் மேடையை இறக்கி வைத்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. கட்டிலில் கிடந்த சுடலைமணியின் அப்பா, சரிந்த வாயால், நல்லது என்றார்.

கில்டா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு நாளாப் பாக்கீங்க?"

"ஒரு கிறிஸ்துமஸ் சமயத்துலருந்து."

"ஒரு லைக்காவது போட்டிருக்கலாம்ல."

"போட்டா தெரிஞ்சிருமே."

"சத்தம் வச்சுக் கேட்டீங்களா?"

"இல்லம்மா. சத்தம் வெளிய கேட்டுரும்னு நிறுத்தி வச்சிருந்தேன்."

அவள் முதலில் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அதானா. ஒவ்வொரு தடவையும் கடைசியில என் வீட்டு விலாசத்தச் சொல்லுதேன். எந்த பஸ்ஸு, எந்த ஸ்டாப்பு, எந்தச் சந்து, எல்லாம் சொல்லுதேன். ஊர்ல இருக்கவன்லாம் கேட்டு வந்து கேக் வாங்கிட்டுப் போறான்."

"இப்பச் சொல்லு. கேட்டுக்கிடுதேன்."

"சொல்ல மாட்டேன்," என்றாள் கில்டா. "இப்படி அடுப்படியோட என்ன இழுத்துட்டு வராதீங்கப்பா. பிள்ள பள்ளிக்கூடத்துலருந்து வந்தா நான் அங்க இருக்கணும். நெட்டத் திறந்து விடுங்க. திறந்துட்டு, சத்தம் வச்சுக் கேளுங்க."

சனிக்கிழமை வரை காத்திருக்க அவருக்கு முடியவில்லை. எல்லோரையும் ஒரு முறை பார்த்தார், அவரவர் தங்கள் ஆளிடம் சொல்லிக்கொண்டார்கள், பானுமதி கடைசியாக இருந்த மாப்பிள்ளையிடம் மட்டும் போன் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் திறந்துவிட்டார். கட்டில் இருந்த இடம் கட்டில் அளவுக்குக் காலியானது, சோபா காலியானது, சமையல் மேடை இருந்த இடத்தில் அவருடைய பழைய குடை சாய்ந்திருந்தது. பின்கட்டு ஷெட்டில் கேள்வி நின்றது.

பிறகு ஞானதிரவியம், ஆபீஸ் நேரத்தில், முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, மகளுடைய பக்கத்தைத் திறந்து சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தார். அவளுடைய குரல் இரண்டாம் மாடி முழுக்கக் கேட்டது. மைதா இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, அவசரப்படாமக் கலக்கணும் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் விலாசத்தைச் சொன்னது. ஒரு தடவை கேட்டது அவருக்குப் போதவில்லை, மறுபடி ஓட்டினார். மூன்றாம் தடவை ஓடும்போது செலினும் பானுமதியும் கூடவே சேர்ந்து சந்தின் பேரைச் சொன்னார்கள்.

முதலாளியிடம் போய் நின்றார். "அரை நாள் லீவு வேணும்."

"என்ன காரணம் வே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "போயிட்டு வாரும், போயிட்டு வாரும்," என்றார் முதலாளி.

படியில் இறங்கிக்கொண்டே ராஜக்கனிக்குப் போன் போட்டார். "கில்டா வீட்டுக்குப் போறேன். நீயும் வாரியா?" என்றார். அந்தப் பேர் அந்தக் குரலில் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எதிர்முனையில் பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. "எந்த பஸ் ஸ்டாண்டுக்கு வரணும்?" என்று மட்டும் ராஜக்கனி கேட்டாள்.

கில்டா கதவைத் திறந்தபோது கையில் மாவு இருந்தது. அம்மாவைப் பார்த்தாள், ஒதுங்கி வழி விட்டாள். உள்ளே சிமெண்டுத் தரையில் ஒரு சின்னப் பெண் யூனிஃபார்மோடு படுத்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. ராஜக்கனி போய் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள், பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்தா இதுக்கு நீ பச்சை அடி என்று ஒரு கிரேயானைக் கொடுத்தது. ஞானதிரவியம் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார்.

"உள்ள வந்து கையக் கழுவுங்க," என்றாள் கில்டா. "ஆறு மணிக்குப் பிறந்தநாள் ஆர்டர் போகணும். ஷெட்டுக்கா வீட்டுக்கான்னு தெரியாம நின்னதுல பாதி வேலை கிடக்கு. அந்த முட்டைய எல்லாம் உடைச்சு ஊத்துங்க."

அவர் கழுவினார். கருப்புக் கல் மேடைக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்று முதல் முட்டையை உடைத்தார், ஓடு உள்ளே விழுந்துவிட்டது, அதை விரலால் துழாவி எடுக்கிறபோதுதான் மேலே கம்பியில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார். அதில் சிவப்புப் புள்ளி எரிந்தது. இரண்டு கைகளுக்குப் பதில் நாலு கைகள் அந்தச் சின்னத் திரையில் இருந்தன.

"கில்டா, போன் ஓடுதும்மா," என்றார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு. "என் கை இதுல தெரியுமே. ஆபீசுல எல்லாரும் பாப்பாங்களே."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பழையபடி பாத்திரத்துக்கு மேலே வைத்தாள்.

"தெரியட்டும்ப்பா," என்றாள்.